இரண்டெழுத்துக்கு முப்பத்தாறு டாலர்

டுலூத் நூலகத்தின் நிலவறையில்
மாதத்தின் இரண்டாம் செவ்வாய் கூடுவோம்,
மூன்று பேர்.
ஓரின் டெர்வோலா போனபின் இரண்டு.

லோஜ்பான் பேசக் கூடுகிறோம் என்றால்
அது எந்த நாடு என்பான் காவலாளி.
நாடில்லை, பட்டாளமில்லை,
அதில் திட்டு வாங்கி வளர்ந்தவர் எவருமில்லை.
பொருள் மயங்கக் கூடாதென்று
சிலர் உட்கார்ந்து செய்த மொழி.
நாங்கள்தான் மயங்கினோம்.

பர்தா ஹுன்ரே கெர்கு.
பெரிய, சிவப்பு, நாய்.
வெறுமனே அடுக்கினால்
முன்னிரண்டும் முந்திக்கொண்டு ஒட்டும்:
பெருஞ்சிவப்பில் ஒரு நாய்;
எலியளவே இருந்தாலும் குற்றமில்லை.
பெரியதற்கும் சிவப்புக்கும் நடுவே
ஒரு 'ஜெ' போட்டுவிட்டால்
பெரிதும்தான், சிவப்பும்தான்,
தனித்தனிக் கணக்கு.

இந்த நாயை வைத்து ஒன்பது வருடம் சண்டை.
லோர்னா பெட்ரிச் 'ஜெ' கட்சி,
பல் மருத்துவரிடம் கணக்கெழுதுபவள்,
உம்மை விரியாத சொல்லை நம்பமாட்டாள்.
ஓரின் தொகைக் கட்சி.
'பக்கத்தில் வை, போதும்.
என்ன உறவென்று அதுகளே பேசிக்கொள்ளும்'
என்பார் பிஸ்கட்டை நனைத்தபடி.
நான் காபி ஊற்றும் கட்சி.

முப்பத்தோரு வருடம் ஏரி முகத்துவாரத்தில்
தூக்குப் பாலத்தை இயக்கினார், இரவுப் பணி.
கப்பல் ஊதும். இவர் பதில் ஊதுவார்.
சாலை அப்படியே மேலேறி நிற்க
இரு கரையிலும் வண்டிகள் விளக்கணைத்துக் காத்திருக்கும்.

பிப்ரவரியில் மகள் வந்தாள், ஃபார்கோவிலிருந்து,
பூட்ஸில் உப்பும் பனியுமாக.
பெயர் ஸிக்னி.
கல்லறைக் கல்லில் அவருடைய மொழியில்
இரண்டு சொல் வேண்டுமாம், எழுதிவைத்துப் போயிருக்கிறார்.
எந்த இரண்டு என்று எழுதவில்லை.
'நல்ல அப்பா' என்கிறான் தம்பி.
அதற்கு என்ன?

லோர்னா காகிதத்தில் இரண்டு வரி எழுதினாள்.
ஹம்கு பத்ஃபு.
ஹம்கு ஜெ பத்ஃபு.

'முதலாவது?'
'அப்பாவாக நல்லவர். கிட்டத்தட்ட அப்படி.
நன்மையும் அப்பாவும் எங்கோ தொட்டுக்கொள்ளும்,
எங்கே என்று சொல்லாது.'
'மற்றது?'
'அவர் நல்லவர். அவர் அப்பா.
இரண்டும் உண்மை.
ஒன்றைக் கேட்டு ஒன்று சாட்சி சொல்லாது.'

அதோடு நிறுத்தியிருக்கலாம். லோர்னாவுக்கு நிறுத்தத் தெரியாது.
'ஹம்குவுக்கு இன்னும் இரண்டு இடம் உண்டு:
யாருக்கு நல்லது, எந்த அளவுகோலால்.
காலியாக விடலாம், இலக்கணம் அனுமதிக்கும்.'

'யாருக்கு' என்றாள் ஸிக்னி.
கேள்வியா, திருப்பிச் சொன்னாளா, தெரியவில்லை.
சுவருக்குப் பின்னால் கொதிகலன் உறுமத் தொடங்கியது.

'இறுதிச் சடங்குக்கு மாலுமிகள் வந்திருந்தார்கள்,
எனக்கு முகம்கூடத் தெரியாதவர்கள்.
மூடுபனியில் அவர் குரல் கேட்டால்
வீடு வந்தது போலிருக்கும் என்றார் ஒருவர்.
நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.'
கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டினாள்.
'எங்கள் வீட்டில் அவர் பகலில் தூங்குகிற ஒரு கதவு.
கதவுக்கு வெளியே காலுறையோடு நடந்து பழகினோம்.'

இரண்டாம் வரியில் விரல் வைத்தாள்.

கல்வெட்டுபவர் எழுத்துக்குப் பதினெட்டு டாலர் கேட்டார்.
'ஜெ'க்கு அவர்கள் லிபியில் இரண்டெழுத்து.
இதை எடுத்துவிட்டால் மிச்சமாகுமே என்றாராம்.
பேரம் பேசாமல் கொடுத்தாளாம்.

அடுத்த செவ்வாய்க் கூட்டத்தில் நாயைத் தொடவில்லை.
தசம எண்கள் படித்தோம், தவறாக.
விளக்கணைத்துப் படியேறும்போது,
வாழ்நாள் முழுக்க 'ஜெ' கட்சிக்காரி,
கைப்பிடியைப் பற்றி நின்றாள் லோர்னா.

'ஒட்டியே எழுதிக் கொடுத்திருக்கலாம்' என்றாள்.
'அவளுக்கு எங்கே தெரியப்போகிறது.'